மட்டத்தேள் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

மட்டத்தேள், அதாவது பூரான், வளர்ப்பதில் பெரிய வேலை இரண்டு: தப்ப விடாமல் வைப்பது, காய விடாமல் வைப்பது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இரண்டாவதுதான் கஷ்டம்.

1. பெட்டி

வழுவழுப்பான பிளாஸ்டிக் பெட்டி நல்லது. சில இனங்கள் 20 சென்ரிமீற்றர் வரை வளரும். மண் போட்ட பிறகும் அதன் நீளத்தை விடக் கூடுதலான உயரம் மிஞ்ச வேண்டும். கண்ணாடித் தொட்டி என்றால் மூலையில் உள்ள சிலிக்கன் ஒட்டைப் பிடித்து ஏறிவிடும். மூடி இறுகப் பூட்ட வேண்டும். காற்றுத் துளைகளைச் சூடாக்கிய ஊசியால் குத்துங்கள். தலை நுழைந்தால் முழு உடம்பும் நுழைந்துவிடும்.

ஒரு பெட்டிக்கு ஒன்றுதான். இரண்டை விட்டால் ஒன்றையொன்று தின்னும்.

2. ஈரம்

பூரானின் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பெட்டி ஒரே நாளில் வறண்டு போகலாம், அதனால் தினமும் பாருங்கள். தும்புத்தூளையும் உக்கிய இலைமண்ணையும் கலந்து ஏழெட்டு சென்ரிமீற்றருக்குப் போடுங்கள். கையில் பிடித்தால் கட்டியாக வேண்டும், தண்ணீர் வடியக் கூடாது. கடற்கரை மணலில் உப்பு இருக்கும், வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். எந்தப் பக்கம் இருப்பதென்று அதுவே பார்த்துக்கொள்ளும். ஒளிந்துகொள்ள ஓட்டுத்துண்டு ஒன்று, குடிக்கச் சோடா மூடியில் தண்ணீர்.

மாரியில் எதிர்மாறு. பூஞ்சணம் பிடிக்கும், துளைகளைக் கூட்டுங்கள்.

3. சாப்பாடு

கிழமைக்கு ஒரு கரப்பொத்தான் அல்லது வெட்டுக்கிளி. மருந்தடித்த வயலிலோ குசினியிலோ பிடித்ததைக் கொடுக்கவே கூடாது. மிச்சத்தை அடுத்த நாள் நீண்ட இடுக்கியால் எடுங்கள்.

சாப்பிடாமல் ஒளிந்தே கிடந்தால் பயப்பட வேண்டாம், அநேகமாகத் தோல் கழற்றப் போகிறது. புதுத்தோல் இறுகும்வரை உயிருள்ள இரை போடாதீர்கள். மென்மையான உடம்பை அது கடித்துவிடும். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டிருந்தாலும் தொந்தரவு செய்யாதீர்கள். வெருண்டால் தாயே முட்டைகளைத் தின்றுவிடக்கூடும்.

4. பாதுகாப்பு

கையில் எடுக்கவே வேண்டாம். தலைக்குப் பின்னால் உள்ள முதல் சோடிக் கால்கள்தான் நச்சுக்கொடுக்குகள். மண் மாற்றும்போது அகன்ற வாய்ப் போத்தலால் மூடி, கீழே மட்டையைச் செருகி எடுங்கள். கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

குமணை, கல்லோயா தேசியப் பூங்காக்களுக்குள் எதையும் பிடிக்கக் கூடாது, அது சட்டவிரோதம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.