பழைய ஸ்டேஷன் வேகனை விற்கும்போது செய்யக்கூடாதவை

ஸ்டேஷன் வேகனை, அதாவது கூரை கடைசிவரை நீண்டு பின்பக்கம் சாமான் வைக்கப் பெரிய இடமுள்ள காரை, பார்க்க வருகிறவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் நேராகப் பின்பக்கம்தான் போவார். டிக்கிக் கதவைத் தூக்குவார், விரிப்பைப் புரட்டுவார், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்துக்குள் கைவிட்டுத் தடவுவார். விற்கிறவரோ அதற்கு முந்தைய வாரம் முழுக்க பானெட்டுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்திருப்பார். இந்த வண்டிகளின் விற்பனை கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஈரத்தின் மேல் புது விரிப்பு போடுவது

முப்பது வருடம் குடும்பத்தைச் சுமந்த வேகனில் பின்புறத்து ஈரம்தான் முதல் எதிரி. பின் விளக்குகளின் ரப்பர் கேஸ்கெட், டிக்கிக் கதவின் பீடிங், மேல் கேரியரின் போல்ட் துளைகள், பின் கண்ணாடி வாஷருக்குப் போகும் குழாய் ஆகிய நான்கு வழிகளில் தண்ணீர் உள்ளே வரும். வந்தது ஸ்டெப்னிப் பள்ளத்தில் தேங்கும். மேலே விரிப்பு மூடியிருப்பதால் யார் கண்ணுக்கும் படாமல் உள்ளிருந்து துரு தின்னும். விற்பதற்காகப் புது விரிப்பு வாங்கிப் போட்டால் வாசனை இன்னும் மோசமாகும், வாங்க வருகிறவர் மூக்கைச் சுளித்தபடியே விலையைக் குறைப்பார்.

விரிப்பை முழுவதும் கழற்றி வெயிலில் காய விடுங்கள். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரை மெதுவாக விடட்டும். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீரில் எந்த இடம் ஒழுகுகிறது என்று பிடிக்க முடியாது. ஒழுக்கை அடைத்த பிறகு, மேலோட்டமான துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றி திரவம் தடவி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்தால் போதும். ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வைத்து மூடாதீர்கள். பட்டியில் காந்தம் ஒட்டாது, ஒரு சின்ன காந்தமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். ஓட்டையைப் படம் எடுத்து விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள்.

பல்பை மாற்றிக்கொண்டே இருப்பது

பின் வைப்பர் ஓடவில்லை, கண்ணாடி ஹீட்டர் சூடாகவில்லை, நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை. மூன்றும் தனித்தனிக் கோளாறு போலத் தெரியும், மூலம் பெரும்பாலும் ஒன்றுதான். டிக்கிக் கதவின் கீல் அருகே ரப்பர் உறைக்குள் போகும் ஒயர்கள், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி அறுந்துபோகும். வோல்வோ 240 வேகன் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன சமாச்சாரம். உறையை இழுத்துவிட்டுப் பாருங்கள். அறுந்த ஒயரை அதே தடிமனுள்ள, பல இழைகள் கொண்ட வளையும் ஒயரால் இணைக்க வேண்டும். எல்லா இணைப்புகளையும் ஒரே இடத்தில் போட்டால் அங்கே கட்டு தடித்து மறுபடி ஒடியும், கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அரை நாள் வேலைதான். செய்யாமல் விட்டால், பார்க்க வருகிறவர் வண்டியின் மொத்த ஒயரிங்கும் போய்விட்டது என்று கணக்குப் போடுவார்.

டிக்கிக் கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்டுக்கும் இதே நியாயம். கதவு தலையில் விழுகிற வண்டியை யாரும் ரசித்துப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், மாற்றும்போது கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள்.

விற்பதற்காகப் பெயின்ட் அடிப்பது

செலவிலும் விளைவிலும் பெரிய தவறு இதுதான். கம்பெனிப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். பெயின்ட் தடிமனை அளக்கும் கையடக்கக் கருவியை வைத்தால் மேலே இன்னொரு பூச்சு இருப்பதும், கீழே பட்டி இருப்பதும் உடனே தெரிந்துவிடும். கீறலும் மங்கலுமான பழைய பெயின்ட்டைப் பார்த்துக் கவலைப்படுகிறவரைவிட, பளபளக்கும் புதுப் பெயின்ட்டைப் பார்த்து அடியில் என்ன இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறவர்தான் அதிகம். விற்பனைக்கு முன் அடிப்பாகத்தில் அவசரமாக அடிக்கும் கறுப்புக் கோட்டிங்கும் அப்படியே.

இன்ஜினை உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவுவதும் வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்ளும் கனெக்டர்களுக்குள்ளும் தண்ணீர் போய், ஆள் வரும் நாளில்தான் வண்டி கிளம்பாது. பிரஷ்ஷும் கிரீஸ் நீக்கும் திரவமும் போதும். துடைத்த பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டி, எண்ணெய் மறுபடி எங்கே கசிகிறது என்று பார்த்து அதைச் சொல்லிவிடுங்கள்.

பழைய துணைப் பொருட்களை இழப்பது

டிக்கியின் சாமான்களை மறைக்கும் சுருள் மூடி, பின்னோக்கிப் பார்க்கும் மூன்றாவது வரிசைச் சீட், அதன் பெல்ட்டுகள், ஜாக்கி, டூல் பை, வீல் கப், இரண்டாவது சாவி, பழைய ரேடியோ: இடத்தை அடைக்கிறதென்று கழற்றிப் பரணில் போட்டிருப்பீர்கள். வேகனுக்கு மட்டுமே உரிய உள்பாகங்கள் கிடைப்பதுதான் அரிது, இன்ஜின் உதிரிகூடச் சுலபமாகக் கிடைத்துவிடும். தேடி எடுத்துப் பொருத்துங்கள். அலாய் வீலோ புது ஸ்டீரியோவோ போட்டிருந்தால் பழையதையும் கூடவே கொடுங்கள்.

ஓடிய கிலோமீட்டருக்கு உத்தரவாதம் தருவது

ஐந்து இலக்க ஓடோமீட்டர் 99,999-க்குப் பிறகு சுழியத்துக்குத் திரும்பும். வோல்வோ 240-இல் ஓடோமீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து, வண்டி ஓட எண் மட்டும் நின்றுபோவது வழக்கம். எனவே மீட்டர் இவ்வளவு காட்டுகிறது என்று மட்டும் எழுதுங்கள். கிலோமீட்டர் குறித்த சர்வீஸ் பில்களைத் தேதி வரிசையில் அடுக்கிக் காட்டினால், மீட்டரைவிட அவற்றுக்குத்தான் மதிப்பு.

கோளாறுக்குத் தவறான பெயர் வைப்பதும் ஆபத்து. மெர்சிடிஸ் 123 வேகனின் பின்பக்கத்தில் உயரத்தைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பு உண்டு. அதிலுள்ள, வாயு அடைத்த உலோக உருண்டைகளில் வாயு போய்விட்டால் பின்பக்கம் விறைத்துத் தூக்கிப்போடும். ஷாக் அப்சார்பர் தேய்மானம் என்று சொல்லி விற்றால், வாங்கியவர் மெக்கானிக்கிடம் போன அன்றே சண்டை தொடங்கும்.

நின்றுகிடந்த வண்டியை அப்படியே காட்டுவது

மாதக்கணக்கில் நின்ற வண்டியை இரண்டு மூன்று வாரமாவது ஓட்டிவிட்டு விளம்பரம் கொடுங்கள். ஓட்டும் முன் பழைய எரிபொருளை வடித்து மாற்றுங்கள், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் காலிப்பர் இறுகியிருக்கிறதா பாருங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டைச் சுற்றியும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும். டயரில் பட்டன் (தரையைப் பற்றும் பூ வேலைப்பாடு) நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. அவ்வளவு பழையதை நல்ல டயர் என்று விளம்பரத்தில் எழுதாதீர்கள். ஆள் வருவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கியும் வைக்காதீர்கள். அனுபவசாலி பானெட்டைத் தொட்டுப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

விலை, பணம், காகிதம்

ரிப்பேருக்குச் செலவழித்ததைக் கூட்டி விலை வைத்தால் வண்டி உங்களிடமேதான் இருக்கும். மற்றவர்கள் விளம்பரத்தில் கேட்கும் விலையும் அளவுகோல் ஆகாது. ஏலங்களில் உண்மையில் விற்ற விலையை, அதே நிலையில் உள்ள வேகனுக்குப் பாருங்கள். அபூர்வம் என்பதால் மட்டும் விலை ஏறாது, அதைத் தேடுகிற ஆளும் இருக்க வேண்டும்.

படம் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஸ்டெப்னிப் பள்ளம், ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் சக்கர வளைவு, டிக்கிக் கதவின் கீழ் விளிம்பு, குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் வீடியோ ஆகியவை அதில் அவசியம். குறைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் முன் ஓட்டுநர் உரிமத்தையும் காப்பீட்டையும் சரிபாருங்கள், கூடவே உட்காருங்கள். காசோலையைக் கையில் வாங்கியதும் பணம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கேட்டதைவிட அதிகமாக அனுப்பிவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேட்பவர் ஏமாற்றுக்காரர். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தை யாருக்கும் தராதீர்கள். தேதி, நேரம், மீட்டர் எண், செஸி எண் குறித்த ஒப்படைப்புச் சீட்டில் இருவரும் இரண்டு பிரதியில் கையெழுத்திடுங்கள், உரிமை மாற்றத்தை நீங்களே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள், காப்பீட்டை அதன்பிறகு ரத்து செய்யுங்கள். சாவியைக் கொடுக்கும் முன் டிக்கியின் பக்கச் சுவரில் ஜாக்கி இருக்கும் அறையை ஒருமுறை திறந்து பாருங்கள், வீட்டு முகவரி போட்ட பழைய பில் ஒன்றாவது அங்கே கிடக்கும்.