கௌபி வேரிலுள்ள நைதரசன் பதிக்கும் பற்றீரியாவை வகைப்படுத்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீடொன்றின் முகப்புச் சாடியில் வளர்ந்த கௌபிச் செடியே இதற்குப் போதும். பூக்கத் தொடங்கும் வேளையில் அதை இழுத்துப் பிடுங்காமல் மண்ணோடு அகழ்ந்தெடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, வேரை மெல்லக் கழுவுங்கள். பிடுங்கினால், இந்தப் பற்றீரியா வாழும் சிறு உருண்டைகளான வேர்ச்சிறுகணுக்கள் மண்ணிலேயே தங்கிவிடும். வட்டப்புழுவால் உண்டாகும் வீக்கத்தைச் சிறுகணுவென்று எண்ணிவிடக் கூடாது. அது வேரே பருத்த வீக்கம். சிறுகணுவோ வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். ஒன்றைச் சவர அலகால் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைதரசன் பதித்தல், அதாவது வளி நைதரசனைச் செடி பயன்படுத்தும் வடிவமாக்கல், நடைபெறுகிறது என்று கொள்ளலாம். அந்த நிறத்தைத் தருவது, ஒட்சிசனால், நைதரசனைப் பதிக்கும் நைதரசனேசு நொதியம் கெடாமல் காக்கும் லெக்கீமோகுளோபின் ஆகும்.

அடுத்து, வெட்டுப்படாத சிறுகணுக்களை 95% எதனோலில் சில செக்கன்களும், 3% சோடியம் ஐப்போகுளோரைற்றில் 2 முதல் 3 நிமிடங்களும் அமிழ்த்தி, கிருமியழித்த நீரில் ஐந்தாறு தடவை அலசுங்கள். கடைசியாக அலசிய நீரில் ஒரு துளியை வளர்ப்பூடகமுள்ள தனிக் கிண்ணத்தில் இட்டு வையுங்கள். அதில் ஏதேனும் வளர்ந்தால் மேற்பரப்பு தூய்மையாகவில்லை என்பதால், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பிற்பாடு வரும் எல்லா முடிவுகளும் இதன்மீதே நிற்கின்றன.

சிறுகணுவை ஒரு துளி நீரில் நசித்து, கொங்கோ சிவப்புச் சாயம் சேர்த்த மதுவச்சாறு மனிற்றோல் ஏகர் என்னும் வளர்ப்பூடகத்தில் கீறிப் பூசுங்கள். உகந்த வெப்பநிலை 28 பாகை செல்சியசு. கொழும்பின் அறை வெப்பநிலை அதற்கு அண்மையானதே, ஆனால் இங்குள்ள ஈரப்பதனில் பூஞ்சணம் எளிதில் புகுந்துவிடும் என்பதால், கிண்ணங்களின் விளிம்பை ஒட்டிக் கவிழ்த்து வையுங்கள். நாம் தேடும் பற்றீரியா பெரும்பாலும் சாயத்தை உறிஞ்சாமல் வெண்மையான கொலனியாக வளரும். பற்றீரியாவைப் பிரித்தறிய உதவும் கிராம் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இளஞ்சிவப்புக் கோல்களாகத் தெரியும்.

இனி நாட்களை எண்ணுங்கள். 3 முதல் 5 நாட்களில் பெரிய, வழவழப்பான கொலனிகள் தோன்றி, கொங்கோ சிவப்புக்குப் பதிலாக, அமிலத்தையும் காரத்தையும் நிறமாற்றத்தால் காட்டும் புரோமோதைமோல் நீலம் சேர்த்த அதே ஊடகம் மஞ்சளானால், அது றைசோபியம் போன்ற விரைந்து வளரும் சாதியாக (நெருங்கிய இனங்களின் தொகுதி) இருக்கலாம். ஒரு வாரமளவில் 1 மில்லிமீற்றருக்கும் சிறிய கொலனிகள் தோன்றி ஊடகம் நீலமானால், 1982இல் தனிச் சாதியாகப் பிரிக்கப்பட்ட பிரடிறைசோபியமாக இருக்கலாம். கௌபியில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான்.

இத்துடன் பெயரிட்டுவிட வேண்டாம். சிறுகணுவுக்குள், அதை உண்டாக்காத அக்ரோபற்றீரியம் என்ற பற்றீரியாவும் தங்கியிருக்கலாம், இவ்வூடகத்தில் விரைந்து வளரும் சாதியைப் போன்ற தோற்றத்தில் வளரலாம். ஆகவே கிருமியழித்த மணலில் கௌபி முளைகளை நட்டு, நைதரசன் இல்லாத போசணைக் கரைசல் ஊற்றி, பாதிச் செடிகளுக்கு மட்டும் உங்கள் வளர்ப்பைச் சேருங்கள். சேர்த்த செடிகளில் மட்டும் சிறுகணு தோன்ற வேண்டும்.

இறுதிப் பெயரைப் பரம்பரையலகுகளே தரும். 16எஸ் ஆர்ஆர்என்ஏ (16S rRNA) பரம்பரையலகு சாதியைக் காட்டும். பிரடிறைசோபியத்தின் இனங்களில் அது மிகவும் ஒத்திருப்பதால், ரெக்ஏ (recA), ஏடிபிடி (atpD) ஆகிய பரம்பரையலகுகளையும் ஒப்பிட வேண்டும். சிறுகணு உண்டாவதில் பங்குள்ள நொட்சி (nodC) பரம்பரையலகு, பற்றீரியா எந்தச் செடியோடு கூடும் என்பதற்குத் தடயமே தவிர, இனத்துக்குச் சான்றாகாது. அது ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. செடியை மட்டும் வைத்து இனத்தைத் தீர்மானித்த பழைய முறை இதனாலேயே தவறாகியது. புல்வெளிகளில் படரும் தொட்டாற்சுருங்கியின் சிறுகணுக்களில், றைசோபியத்தின் வகுப்பையே சேராத குப்ரியாவிடசு என்ற பற்றீரியாவும் வாழ்கிறது. எனவே உங்கள் வளர்ப்பைக் கிளிசரோலில் உறையவைக்கும்போது, செடி, இடம், திகதி மூன்றையும் குப்பியிலேயே எழுதி, இனப் பெயருக்கான இடத்தை வெறுமையாக விடுங்கள்.