ராம்சார் ஈரநிலத்தைக் காக்க எங்கிருந்து தொடங்குவது?

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அந்த ஈரநிலம் பிழைத்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் ஈரநிலங்களைக் காக்கக் கையெழுத்தான ஒப்பந்தம் தானாக வந்து காவல் நிற்காது, நாம்தான் அதைக் கையில் எடுக்க வேண்டும். முதலில் அந்த இடத்தின் தகவல் தாளை ராம்சார் இணையதளத்தில் இறக்கிப் படியுங்கள். எல்லை எது, எதற்காகப் பட்டியலில் சேர்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 6 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தாள் அது, தேதி பழசாக இருந்தால் அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

அப்புறம் நேரில் போங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்காலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் குப்பை எல்லோர் கண்ணிலும் படும், வரத்து அடைபட்டு நிலம் மெல்லக் காய்வது படாது. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் படம் எடுங்கள்: போன மாதம் நாணல் எதுவரை இருந்தது, இப்போது மண் கொட்டிய மேடு எதுவரை வந்திருக்கிறது என்பது இரண்டு படங்களை அருகருகே வைத்தாலே தெரிந்துவிடும்.

சரி, மாற்றம் தெரிகிறதா? ஒப்பந்தத்தின் 3.2 பிரிவைக் குறிப்பிட்டு, ராம்சார் விவகாரத்தைக் கவனிக்கும் அரசுத் துறைக்குப் படங்களோடு எழுதுங்கள். மனிதத் தலையீட்டால் சூழல் தன்மை மாறினாலோ, மாறும் நிலை வந்தாலோ தாமதிக்காமல் ஒப்பந்தத்தின் செயலகத்துக்குச் சொல்வது அரசின் கடமை. பதிலே வரவில்லையா, சுவிட்சர்லாந்தில் இருக்கும் அந்தச் செயலகத்துக்கு நீங்களே எழுதுங்கள்.