மாடு வாங்கும் முன் புல் நடுங்கள்

என் முதல் கறவை மாடு வந்த அன்று வீட்டில் ஒரு பிடி பசும்புல்கூட இல்லை. வைக்கோல் போர் இருக்கிறதே, போதும் என்று நினைத்துவிட்டேன். நாளுக்கு 10 லிட்டர் கறந்த கலப்பின மாடு ஒன்றரை மாதத்தில் 5 லிட்டருக்கு இறங்கியது. நான் மாட்டைக் குறை சொன்னேன், ஆனால் குறை தீவனத்தொட்டியில் இருந்தது.

அதனால் முதலில் கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லின் கரணையை, அதாவது தண்டுத் துண்டை, நடுங்கள். தண்ணீர் பாய்ந்தால் இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, அப்புறம் சுமார் 45 நாளுக்கு ஒன்று. புல் மட்டும் போதாது, புரதத்துக்கு வேலி ஓரமாக வேலிமசால் செடி, சுபாபுல் மரம் ஆகிய பயறுவகைத் தீவனப்பயிர்களைப் போடுங்கள். சுபாபுல் தழை பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், அதில் நச்சுப்பொருள் உண்டு. 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளுக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம், 4 கிலோ வைக்கோல் கணக்கு. தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனம் மாட்டின் உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ, அதற்கு மேல் இரண்டரை முதல் 3 லிட்டர் பாலுக்கு 1 கிலோ. தாது உப்புக் கலவை 50 கிராம், தினமும்.

கோடைக்கு யூரியா வைக்கோல் கைகொடுக்கும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வையுங்கள். எடுத்ததும் கொஞ்ச நேரம் ஆறப்போட்டு, நெடி குறைந்த பிறகு போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது கூடாது. கரையாத யூரியாவோ கரைசலோ மாட்டின் வாய்க்கு எட்டவே கூடாது, உயிரே போய்விடும்.

தண்ணீரை நான் முன்பு இருவேளை வாளியில் காட்டிக்கொண்டிருந்தேன். பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான் என்று தெரிந்த பிறகு எப்போதும் நிறைந்திருக்கும் தொட்டி வைத்தேன். செலவே இல்லாமல் பால் கூடியது இதில்தான்.

கறக்குமுன் மடியைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். பால் திரிதிரியாகத் தெரிந்தால் மடிநோய், அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்டால் அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை யாருக்கும் கொடுக்காதீர்கள். கறந்ததும் தீவனம் போட்டு அரை மணி நேரம் மாட்டை நிற்க வையுங்கள். காம்புத்துளை மூடும்வரை அது படுக்கக் கூடாது.

சரி, பால் வந்துவிட்டது. யாருக்கு? தொடக்கத்தில் முழுவதையும் விற்றேன். மாடு வளர்க்கும் வீட்டில் என் பிள்ளைகள் பால் இல்லாமல் இருந்தார்கள். இப்போது வீட்டுப் பாத்திரம் நிறைந்த பிறகுதான் விற்கும் கேன். 250 மில்லி பாலில் ஏறக்குறைய 8 கிராம் புரதமும் 300 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் இருக்கின்றன. பிள்ளைக்கு ஒரு டம்ளர் என்பதை விற்பனைக் கணக்கோடு சேர்க்கவே மாட்டேன். கட்டாயம் காய்ச்சுங்கள், காசநோயும் புருசெல்லா காய்ச்சலும் பச்சைப் பால் வழியே பரவும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப்பால் வேண்டாம், அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. கன்றுக்கும் பங்கு உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு.

ஒரே மாடு வைத்திருந்தால் ஈனுவதற்கு முந்தைய 60 நாள் அதைக் கறக்காமல் வற்ற விட வேண்டும், வீட்டில் பால் இருக்காது, அந்த மாதங்களில்தான் கடன் ஏறும். இடம் இருந்தால் இரண்டு மாடு வைத்து, ஒன்று ஈன்று ஐந்தாறு மாதம் கழித்து மற்றது ஈனும்படி சினை ஊசி போடுங்கள். காலையில் சினைப்பருவ அறிகுறி கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. அடுத்த 18 முதல் 24 நாளுக்குள் அறிகுறி திரும்புகிறதா என்று பாருங்கள், திரும்பினால் சினை பிடிக்கவில்லை. ஊசி போட்ட தேதியிலிருந்து சுமார் 280 நாளில் கன்று. ஊசித் தேதி, வற்ற விடும் தேதி, ஈனும் தேதி மூன்றையும் கொட்டகைக் கதவின் உள்பக்கம் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறேன், வீட்டில் யார் கறக்கப் போனாலும் கண்ணில் படும்.