பிள்ளை உண்மையைச் சொன்ன பிறகு: கடற்கரைக் குடும்பங்களுக்கு

மகனோ மகளோ தன்பாலீர்ப்பாளர் என்று வீட்டில் சொல்லிவிட்டால், பாம்பன் முதல் தொண்டி வரை முதலில் எழும் கேள்வி ‘ஊர் என்ன சொல்லும்?’ என்பதாகவே இருக்கும். அதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். வேறு யாருக்குச் சொல்லலாம் என்பதை அவர்களிடமே கேட்டறியுங்கள்.

‘சரிசெய்ய’ எங்கும் அழைத்துச் செல்லாதீர்கள். 1990இலேயே உலகச் சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடை விதித்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மாண்டவர்கள் உட்பட 28 மனநோயாளிகள் உயிரிழந்ததை நம் இராமநாதபுரம் மாவட்டம் மறந்திருக்காது. நோயாளிக்கே தகாத சங்கிலி, நோயே இல்லாத பிள்ளைக்கு எதற்கு? பிள்ளை மனம் உடைந்து போயிருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

கல்யாணம் செய்து வைத்தால் மாறிவிடும் என்று உறவினர் சொன்னால், உறுதியாக மறுத்துவிடுங்கள். அதில் நம் பிள்ளையோடு இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் கெடும்.

கடினமான வேலை கரையில்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையிலேயே இருப்பதால் பேச்சும் பெருகும். மீன் கூடைகளை எண்ணுகிறவர் ‘எட்டு’ வரை இயல்பாக எண்ணிவிட்டு, அங்கே நிற்கும் ஒரு பையனைப் பார்த்தபடி ‘ஒன்பது’ என்று இழுக்க, சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அடி விழவில்லை, ஆனால் மறுநாள் அந்தப் பையன் வரமாட்டான். சில மாதங்களில் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுவான். படகில் ஓர் ஆள் குறையும், தாய் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்துவாள், அதைக் கண்ட மற்றொரு பிள்ளை வாயே திறக்காது. எனவே அந்தச் சிரிப்பின்போதே, பையனின் மாமாவோ, படகு உரிமையாளரான சம்மாட்டியோ, “தம்பி, கூடையை மட்டும் எண்ணு” என்று சொல்லிவிட வேண்டும். தகப்பன் சொல்வதைவிட வேறொருவர் சொல்வதற்குத்தான் அங்கே மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

18 வயது நிறைந்தவர் விருப்பப்பட்ட துணையோடு வெளியேறினால், காணவில்லை என்று புகார் கொடுத்து அலையாதீர்கள். வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்பதை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தெளிவாக்கிவிட்டது; இத்தகைய புகாரில் அவர்களின் வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு, தொல்லை தராமல் முடித்துவிட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் அதே 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பு காவல்துறைக்கு அறிவுறுத்துகிறது. காவல்நிலையத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் எண்ணுக்கே அழையுங்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், அன்று வலையில் என்ன மீன் பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம்.