மினசோட்டாவில் டீச்சராக வேண்டுமா? சட்டத்தை நீங்களே படிக்கலாம்

ஊரில் பி.எட். முடித்துவிட்டு மினசோட்டாவுக்கு வந்தவர்கள் "இங்கே ஸ்கூலில் வேலை கிடைக்குமா" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் வருகிற பதிலில் பாதி பழைய சட்டம், மீதி வேறு மாநிலத்துச் சட்டம். டெக்சஸில் இருக்கிற சித்தி பெண்ணுக்கு நடந்தது உங்களுக்கும் அப்படியே நடக்காது. அமெரிக்காவில் ஆசிரியர் உரிமம் கொடுப்பது மத்திய அரசு இல்லை, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தையே எடுத்துப் படித்துவிடலாம், எந்த வரியை முதலில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

மினசோட்டா சட்டம் முழுவதும், மாநிலச் சட்டங்களைத் தொகுத்து வெளியிடும் ரிவைசர் அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆசிரியர் உரிமத்துக்கு அத்தியாயம் 122ஏ. அதில் 181 முதல் 184 வரை உள்ள நான்கு பிரிவுகள்தான் உங்களுக்கு முக்கியம், ஒவ்வொன்றும் ஒரு 'டயர்' (Tier, அதாவது உரிமத்தின் படிநிலை). டயர் 1 உரிமம் ஒரு வருடம், டயர் 2 இரண்டு வருடம், டயர் 3 மூன்று, டயர் 4 ஐந்து. 2017-இல் இயற்றிய சட்டத்தால் இந்த முறை 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உரிமம் கொடுக்கிற வாரியமும் (Professional Educator Licensing and Standards Board, எல்லோரும் சுருக்கமாக பெல்ஸ்பி என்பார்கள்) அதே சட்டத்தில் பிறந்ததுதான்.

181-ஐத் திறந்ததும் பலரும் டிகிரி என்ன கேட்கிறார்கள் என்றுதான் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் யார் கேட்டால் உரிமம் கிடைக்கும் என்று பாருங்கள். டயர் 1-க்கு நீங்களாக விண்ணப்பம் போட்டு உரிமத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் வேலை தேட முடியாது. பள்ளி மாவட்டமோ (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சார்ட்டர் பள்ளியோ (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் இயங்கும் பள்ளி) உங்களை வேலைக்கு எடுக்க முடிவு செய்து, மேல் டயர் உரிமம் உள்ள ஆள் கிடைக்கவில்லை என்று வாரியத்திடம் சொல்லி, உங்களுக்காகக் கேட்க வேண்டும். டயர் 2-க்கும் மாவட்டத்தின் கோரிக்கை வேண்டும், அதோடு பயிற்சிப் படிப்பில் சேர்ந்திருப்பது போன்ற கூடுதல் தகுதிகளில் ஒன்றையாவது காட்ட வேண்டும். ஆக முதல் போன் வாரியத்துக்கு இல்லை, ஆள் பற்றாக்குறை உள்ள மாவட்டத்தின் எச்.ஆர். அலுவலகத்துக்கு. இந்த ஒரு விஷயம் தெரியாமலேயே நிறைய பேர் வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

டிகிரி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மூன்று வருட பி.ஏ., பி.எஸ்ஸி.யை மட்டும் காட்டினால் அமெரிக்க நான்கு வருட டிகிரிக்குச் சமம் இல்லை என்று, வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டுச் சான்று தரும் மதிப்பீட்டு நிறுவனம் எழுதிவிட வாய்ப்பு அதிகம். பி.எட்., எம்.ஏ. என்று படித்த எல்லாவற்றின் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து அனுப்பி, பாடவாரியான மதிப்பீடு கேளுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து சீலிட்ட உறை வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், அந்தக் கதையைத் தனியாகவே எழுதலாம். அப்புறம் உரிமம் வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர் கையில் ஈ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) இல்லாமல் எந்த டயரும் பிரயோஜனப்படாது.

அடுத்து, சட்டம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மசோதாவில் அடித்துக் கோடு போட்டிருப்பது நீக்கப்படுகிற வரி, அடிக்கோடிட்டிருப்பது சேர்க்கப்படுகிற வரி, சாதாரணமாக இருப்பது ஏற்கெனவே உள்ள சட்டம். 2023-இல் வந்த கல்வி மசோதா எச்.எஃப். 2497-ஐ (எச்.எஃப். என்றால் மாநிலக் கீழவையில் தொடங்கிய மசோதா) எடுத்துக்கொள்ளுங்கள். டயர் 2-இல் மூன்று வருடம் பாடம் நடத்தினால் அந்த அனுபவத்தை வைத்தே டயர் 3-க்கு ஏறலாம் என்று முதலில் ஒரு வழி இருந்தது, அந்த வழி இந்த மசோதாவில் அடிபட்டுப் போனது. 2019-இல் யாரோ எழுதிய பதிவை நம்பி அதே கணக்குப் போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அதனால் ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே இருக்கிற 'நடைமுறைக்கு வரும் தேதி'யைப் படிக்காமல் நகராதீர்கள். ஒரே மசோதாவில் ஒரு பிரிவு உடனே அமலாகும், இன்னொன்று ஜூலை 1-க்குக் காத்திருக்கும். சட்டத்தில் இல்லாத நுணுக்கங்கள், எந்தப் பாடத்துக்கு என்ன தகுதி என்பதெல்லாம், வாரியத்தின் விதிகளில் 8710-ஆம் அத்தியாயத்தில் இருக்கும். வழக்கமான பயிற்சிப் படிப்பு இல்லாமல் வேலைச் சான்றுகளைத் தொகுத்துக் காட்டி உரிமம் வாங்கும் 'போர்ட்ஃபோலியோ' வழியையும் விசாரித்து வையுங்கள், வெளிநாட்டில் பாடம் நடத்தியவர்களுக்கு அது கைகொடுக்கலாம்.

இனி மானியம். "டீச்சர் ஆக அரசு பணம் தருகிறது" என்று செய்தி வந்தால் பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். 122ஏ.635-இல் உள்ள மானியம், வெள்ளையரல்லாத மற்றும் அமெரிக்கப் பூர்வகுடி ஆசிரியர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக பெல்ஸ்பி போட்டி முறையில் கொடுப்பது. ஆனால் விண்ணப்பிப்பது நீங்கள் இல்லை, ஆசிரியர் பயிற்சி நடத்தும் கல்லூரி. அந்தக் கல்லூரியில் சேர்ந்தால்தான் உதவி உங்கள் வரை வரும், எனவே சேர்வதற்கு முன்பே "இந்த வருடம் உங்களுக்கு அந்த மானியம் கிடைத்திருக்கிறதா" என்று நேரடியாகக் கேளுங்கள். கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் மாணவருக்கே கொடுக்கும் உதவி வேறு அத்தியாயத்தில், 136ஏ-யில் இருக்கிறது. அதை நடத்துவது உயர்கல்வி அலுவலகம்.

திட்டம் சட்டத்தில் இருக்கிறது என்பதற்காகப் பணம் இருக்கிறது என்று ஆகிவிடாது. தொகை இரண்டு வருட பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கப்பட வேண்டும், அது பெரும்பாலும் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும். ஒதுக்கீட்டுப் பகுதியில் 'ஒரு முறை மட்டும்' என்று எழுதியிருந்தால் அடுத்த பட்ஜெட்டில் அந்தப் பணத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஆசிரியராகப் படிப்பவர்களுக்கான மத்திய அரசு மானியமான டீச் கிராண்ட் வருடத்துக்கு 4,000 டாலர் வரை தருகிறது, அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும் மட்டும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். படிப்பு முடிந்த 8 வருடத்துக்குள், குறைந்த வருமானக் குடும்பங்கள் அதிகமுள்ள பள்ளியில், தட்டுப்பாடு உள்ள பாடத்தில் 4 வருடம் வேலை செய்யவில்லை என்றால் வாங்கிய மொத்தமும் கடனாக மாறிவிடும், வட்டி பணம் வாங்கிய நாளிலிருந்தே சேரும். உங்கள் பாடம் தட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறதா, நீங்கள் போகக்கூடிய தூரத்தில் அப்படிப்பட்ட பள்ளி இருக்கிறதா, இரண்டையும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.