சேகரிப்பில் ஆர்வமில்லாத நண்பரிடம் அஞ்சல்தலை பற்றிப் பேசுவது எப்படி?

அஞ்சல்தலை சேகரிப்பவர்களில் பலர், அந்த வாரம் தம் மனத்தை ஆட்டிப்படைக்கும் நுணுக்கத்திலிருந்தே நண்பர்களிடம் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு 14 துளைகளா 15 துளைகளா என்பது சேகரிப்பவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. கேட்பவருக்கோ அது வெறும் தாளின் ஓரம். ஆகவே, எந்த நுணுக்கமானாலும் அது யாருக்கு நேர்ந்த எந்தச் சிக்கலால் உண்டானது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலையான பென்னி பிளாக்கைப் பாருங்கள். 1840இல் பிரிட்டன் வெளியிட்ட அதன் நீர்க்குறியையும் அச்சுத்தட்டு வேறுபாடுகளையும் அடுக்கினால், நண்பரின் பார்வை கைப்பேசிக்குப் போய்விடும். மாறாக, கறுப்பு அஞ்சல்தலையின் மீது சிவப்பு மையால் முத்திரை குத்தினார்கள் என்றும், அந்த மையை எளிதாக அழித்துவிட முடிந்ததால் அதே தலையை மீண்டும் ஒட்டி அனுப்பும் மோசடிக்கு அதிகாரிகள் அஞ்சினார்கள் என்றும் சொல்லிவிட்டு, "அந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டு நிறுத்துங்கள். நண்பர் ஏதாவது ஒரு வழி சொல்வார். 1841இல் அஞ்சல்தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினார்கள் என்ற விடையை அதற்குப் பிறகுதான் சொல்ல வேண்டும். முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், சிந்திக்கத் தொடங்கியவரை வெறும் பார்வையாளராக்கிவிடுவீர்கள்.

அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் விலையைப் பற்றியதாகவே இருக்கும். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது தேவையற்ற பெருமிதம் என்பது என் கருத்து. பென்னி பிளாக் ஆறு கோடிக்கும் மேல் அச்சானதால் பலர் நினைக்கும் அளவுக்கு அரிதானதன்று என்றும், துளைவரிசை இல்லாமல் கத்தரியால் வெட்டப்பட்டதால் நான்கு ஓரங்களும் பழுதில்லாமல் எஞ்சியவற்றுக்கு மதிப்பு கூடுகிறது என்றும் நேராகப் பதில் சொல்லலாம். "அப்படியானால் துளைகள் எப்போது வந்தன?" என்று அவரே கேட்டால், நீங்கள் அடக்கிவைத்திருந்த துளைக் கணக்குக்கு அப்போதுதான் வேளை வருகிறது. கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

"அப்படியா" என்பது மரியாதை. "ஏன்" என்பது ஆர்வம். முதலாவது இரண்டு முறை வந்தால் பேச்சை மாற்றிவிட வேண்டும். இரண்டாவது வந்தாலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். கலைச்சொற்களைப் பொறுத்தவரை, பொருளை முன்னால் காட்டிவிட்டுப் பெயரைப் பின்னால் சொல்வது எளிது: தாளை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே தெரியும் மங்கலான வடிவத்தைக் காட்டிய பிறகு நீர்க்குறி என்று சொன்னால் விளக்கமே வேண்டியதில்லை.

காட்டுவதற்கு முழு ஆல்பத்தையும் எடுக்காதீர்கள். ஒரே ஓர் அஞ்சல்தலையை ஒளி ஊடுருவும் உறையிலிட்டு உருப்பெருக்கியுடன் கொடுத்துவிட்டால், "கையால் தொடாதே" என்று பதறி நண்பரைச் சங்கடப்படுத்த நேராது. பலர் கூடியிருக்கும்போது ஒருவர் மட்டும் ஆர்வம் காட்டினால், மற்றவர்களைக் காக்க வைக்காமல், மீதியை அவருடன் தனியே இருக்கும்போது பேசிக்கொள்ளலாம். அவருடைய பிறந்தநாளுக்கு வெற்று ஆல்பம் ஒன்றைப் பரிசளிக்கும் எண்ணத்தை மட்டும், அவராகக் கேட்கும்வரை, தள்ளிப்போடுங்கள்.